அழ வைக்க ஒரு பொய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கேன்டீனில் என் முதல் குறும்படத்தை இயக்கிக்கொண்டிருந்தேன். ஏழு வயதில் டி.வி. தொடரில் நடிக்க வந்தவள் நான். வளர்ந்து மேடை நாடகங்களில் நடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், இப்போது டைரக்டர். அந்தக் கர்வம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

அங்கே தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்காவின் ஆறு வயது மகள்தான் படத்தில் நடித்தாள். அம்மா மிஷினில் இருக்க, அவளை நான் பார்த்துக்கொண்டேன். கடைசிக் காட்சியில் அவள் அழ வேண்டும். நான்கு டேக்கிலும் சிரித்தாள். ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிவதற்குள் கேன்டீனைக் காலி செய்ய வேண்டும். மணி நாலே முக்கால்.

அவள் காதில் மெதுவாகச் சொன்னேன்: "உங்கம்மா உன்ன வுட்டுட்டு பஸ் ஏறிப் போய்ட்டாங்க."

குழந்தை கதறிவிட்டாள். ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கைதட்டினார்கள். மானிட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, சங்கு ஊதும்போது திரும்பினேன். அவளைக் காணவில்லை.

நூற்றுக்கணக்கான பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கம்பெனி பஸ்கள் உறுமின. கேட்டைத் தாண்டினால் ஹைவே. வாட்ச்மேனிடம் கேட்டை மூடச் சொல்லிக் கத்திவிட்டு, ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன்.

"இன்னா மேடம், ஹீரோயின் ஓடிப்போய்ட்டாளா?" என்று ஜன்னலிலிருந்து ஒருத்தி கேட்க, பஸ்ஸே சிரித்தது. என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

எதிரே அந்த அக்கா வந்தார். "பாப்பா எங்க மேடம்?"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன்.

நாட்றம்பள்ளி பஸ்ஸில், அம்மா தினமும் உட்காரும் சீட்டுக்குக் கீழே சுருண்டிருந்தாள். "அம்மாவத் தேடினு வந்தேன்" என்று விம்மினாள். நடந்ததைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. "நீங்களும் கொழந்தையில நடிச்சவங்கன்னு நம்பித்தானே வுட்டேன்" என்றார்.

என்னையும் அப்படித்தான் அழ வைத்தார்கள். அதைத்தான் இத்தனை வருடமும் என் நடிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த டேக்கை அழித்துவிட்டேன். அழுகை வராத குழந்தையை இப்போது முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி எடுக்கிறேன். ஆனாலும், திரையில் எந்தக் குழந்தை அழுதாலும், கேமராவுக்கு வெளியே யார் அதன் காதில் என்ன சொன்னார்களோ என்று மனம் இன்றும் பதறுகிறது.