பக்கத்துக் கடையைவிட ஒரு படி மேலே

மடவளை பஸாரில் என் கடைக்கு எதிரே வளையல், சீப்பு, அலங்காரச் சாமான் விற்கிற இரண்டு பென்சிக் கடைகள் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று ஹபீலாவுடையது, வாப்பா எழுதிக்கொடுத்த சொந்தக் கட்டடம். மற்றது பாயிஸாவுடையது, நஸீப் ஹாஜியாரிடம் வாடகைக்கு எடுத்தது. பாயிஸாவின் கதையே இந்த வித்தியாசம்தான். நல்ல மனுசி, கைராசிக்காரி. ஆனால் ஹபீலாவுக்கு ஒன்று கிடைத்தால் இவளுக்கு வயிறு எரியும்.

ஹபீலா கண்ணாடிக் கதவு போட்டாள், இவளும் போட்டாள். ஹபீலா ஏசி வாங்கினாள். இவள் காப்பை அடகு வைத்து அதைவிடப் பெரிதாக வாங்கினாள். பார்க்கிற எனக்கே அலுத்துப்போகும். சொன்னால் என்மேல் பாய்வாள்.

போன வருடம் பிரதேச சபையிலிருந்து கட்டடத்துக்கான சோலைவரிப் பத்திரம் வந்தது. ஹாஜியாரின் பெயரில் வந்தாலும் ஒப்பந்தப்படி கட்டுவது பாயிஸாதான். ஹபீலாவின் பத்திரத்தை எட்டிப் பார்த்தவள் நேரே என்னிடம் வந்து நின்றாள்.

“ஸைத், ஆண்டுப் பெறுமதி என்டு அவட கடைக்கு கூடப் போட்டீக்கி! என்ட கடைல என்ன கொறயக் கண்ட?”

“அது கடைட மதிப்பு இல்ல ராத்தா. கட்டடத்த வாடகைக்கு விட்டா வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்ட கணக்கு. அத வெச்சித்தான் வரி. கொறஞ்சா ஒங்களுக்குத்தான் லாபம்.”

வேறு யாராவது என்றால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவள் காதில் நான் சொன்னது ஏறவேயில்லை.

இந்த வருடம் மறுமதிப்பீட்டுக்கு எஸ்ரன் என்றொரு உத்தியோகத்தர் வந்தார், வத்தேகமக்காரர். முதலில் ஹபீலாவின் கடை. அவள் ஈரம் ஊறிய சுவரைக் காட்டினாள், கூரையைக் காட்டினாள், இதை யார் வாடகைக்கு எடுப்பார்கள் என்று அழாக்குறையாகக் கேட்டாள். வாசலில் நின்று கேட்ட பாயிஸாவுக்கு ஒரே குஷி.

பிறகு எஸ்ரன் இவளுடைய கடையை அளந்தார். “இன்னைக்கு இத வாடகைக்கு விட்டா எவ்வளவு போகும் அக்கா?”

தான் கொடுப்பதைப்போல இரண்டு மடங்கைச் சொன்னாள்.

“நெசமாவா? வரி கூடிப் போகும்க்கா.”

“கூடட்டும் சேர். பக்கத்துக் கடைக்குப் போடுறதவிட மேல போடுங்க.”

அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தார், ஏசியைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் பாயிஸா எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தாள்.

புதிய பத்திரம் ஹாஜியாருக்குப் போனது. இத்தனை காலமும் வாடகையைக் கூட்ட நினைத்தேயிராத மனிதர், ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் கடைக்கு வந்தார்.

“மகள், இந்தக் கட்டடம் ரெண்டு மடங்கு போகும் என்டு பத்திரத்திலேயே ஈக்கி. நீங்கதான் செல்லியாம்.”

பாயிஸாவின் முகம் செத்துப்போனது. “அது சும்மா பேச்சுக்கு செல்லிய ஹாஜி. எனக்கு ஏலா.”

“ஏலாட்டி பரவால்ல. வேற ஆக்கள் இல்லாமயா? பக்கத்துக் கடைக்கிக் குடுத்தாலும் சுவர ஒடச்சி ஒண்டாக்கிக்குவாங்க.”

ஹபீலா கடையைக் கேட்டதாக ஹாஜியார் சொல்லவேயில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் பாயிஸாவுக்குக் கேட்டது அது மட்டும்தான்.

“அவ எவ்வளவு தாறன் என்ட? நான் அதுக்கு மேல தாறன்!”

நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அவள் என் பக்கமே திரும்பாமல் கையெழுத்துப் போட்டாள். இரட்டை வாடகை, அதோடு கூடிய வரியும்.

இப்போது ஏசி ஓடுவதில்லை. வேலைக்கு நின்ற பிள்ளையையும் நிறுத்திவிட்டாள். வரவெல்லாம் வாடகைக்கே போகிறது. கடை இந்தப் பெருநாளைத் தாண்டினால் அதிசயம்.

மனசு கேட்காமல் ஒருநாள் ஹபீலாவிடமே விசாரித்தேன். “எனக்கெதுக்கு ரெண்டு கடை? இந்த ஒன்ட இழுக்கியதே பெரும்பாடு” என்றாள். அதை அப்படியே பாயிஸாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவக்கு இந்தமுற வரி எவ்வளவாம்?”

“கொறஞ்சீக்கி ராத்தா.”

அப்போதுதான் அழுதாள்.