நான் மாற்றாத சொற்கள்

ஒரு மனிதனுக்கு மூச்சு முட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் தடுத்திருக்க முடியும். தடுக்கவில்லை.

நீங்கள் என்னை நல்ல மொழிபெயர்ப்பாளர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களுக்காகக் காவல் நிலையம், நீதிமன்றம், அகதி விசாரணை என்று எங்கே கூப்பிட்டாலும் போனவள் நான். ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டுதான் இதையும் செய்தேன்.

மாசி மாதத்து மத்தியானம். நான் இருந்த வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ் பிடித்து, கூப்பிட்ட காவல் நிலையத்துக்குப் போனேன். அறைக்குள் ஒருவன் கதிரையில் இருந்தான். கைகள் பின்னால் விலங்கிடப்பட்டிருந்தன. முகம்... முகம் இல்லை! தலையிலிருந்து கழுத்துவரை ஒரு பை. மேலே வலை, வாயருகே தடித்த துணி. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் துணி உள்ளே போய் வெளியே வந்தது.

துப்புகிறான், அதனால் போட்டோம் என்றார் காவலர். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்பவனாம். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை. காவலர்கள் பிடித்த இழுபறியில் உதடு கிழிந்து வாயெல்லாம் இரத்தம். துப்பாமல் என்ன செய்வான்? அது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. என் கண்ணில் பட்டது அந்தப் பை மட்டும்தான்.

அப்படி ஒரு தலையை யாழ்ப்பாணத்தில் பார்த்திருக்கிறேன். இராணுவம் சுற்றிவளைத்தால் ஆட்களை வரிசையில் நிறுத்துவார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவனைக் கொண்டுவருவார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவன் தலையசைத்தால் முன்னால் நிற்பவனின் கதை முடிந்தது. என் தம்பிக்கு முன்னால் அந்தச் சாக்கு நின்றது. மெதுவாக இரண்டு தரம் அசைந்தது. தம்பி இன்றுவரை வீடு திரும்பவில்லை.

நான் தமிழில் பேசியதும் பை என் பக்கம் திரும்பியது. அசையப் போகிறதா... என்னைப் பார்த்தும் அசையப் போகிறதா?

காவலர் நல்ல மாதிரித்தான் கேட்டார். இனித் துப்ப மாட்டேன் என்று சம்மதித்தால் கழற்றிவிடுவோம், தலையசைத்தாலே போதும் என்றார். அப்படியே தமிழில் சொன்னேன்.

அவன் கழுத்து விறைத்தது.

"மாட்டன் அக்கா! அடிச்சுக் கொன்றாலும் நான் தலையாட்ட மாட்டன். ஆரையும் காட்டிக் குடுக்க மாட்டன். இதைக் கழட்டச் சொல்லுங்கோ..."

உங்களுக்கு விளங்குகிறதா? அவனுக்கும் அதே சாக்குதான் தெரிந்திருக்கிறது! எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகத் தன் முன்னால் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான். எனக்கு அந்த நொடியே விளங்கியது. இவன் எதற்குப் பயப்படுகிறான் என்று காவலரிடம் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்.

சொல்லவில்லை. தலையசைக்க மாட்டானாம், யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டானாம், இதைக் கழற்றட்டாம் என்று சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். ஒத்துழைக்க மறுக்கிறான், அப்படியே இருக்கட்டும் என்று காவலர் என்னையும் வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

ஏன் செய்தேன்? களைப்பா? வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை... அந்தப் பைக்குள் ஒருவன் தவிப்பதைப் பார்க்க எனக்கு இதமாக இருந்தது. தம்பியைக் காட்டிக் கொடுத்த தலையாட்டி இவனில்லை என்று தெரிந்தும்!

முக்கால் மணி நேரம் கதவுக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நின்றேன். துணி வேகமாக அடித்தது. பிறகு அதில் ஈரம் பரவியது. பிறகு மெதுவாகியது. அவ்வளவு நேரமும் அந்தத் தலை இம்மியும் அசையவில்லை. கடைசியில் ஒருபக்கமாகச் சரிந்தது.

ஓடிப்போய்க் கழற்றினார்கள். தம்பியின் சாயல் இருந்தது என்றால் கதைக்கு நன்றாக இருக்கும். இல்லை, யாரோ ஒருவன். வாயும் நாடியும் வாந்தி, நீலம் பாரித்த உதடு. கண்ணைத் திறந்து என்னைத் தேடினான்.

"உங்களையும் நான் காட்டிக் குடுக்கேல்லை அக்கா."

என்ன சொல்கிறான் என்று காவலர் கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன்.

அம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். பிழைத்தானா? தெரியாது. அவன் பெயர் எனக்குத் தெரியும், விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். இத்தனை வருடமாக நான் எடுக்கவில்லை.

அவன் உயிரோடு இருந்தால், அந்த அறையில் தனக்காகப் பேச ஒரு அக்கா இருந்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பான்.