ஒளித்து வைத்த பீர்த் தட்டம்

எனக்கும் அண்ணைக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் கடைகளின் விளம்பரத் தட்டங்கள் கிடைத்தால் எனக்கு. சுவரில் மாட்டும் தகர விளம்பரங்கள் அவருக்கு. கூடப் பிறந்த அண்ணன் இல்லை, சுவிஸ் அகதி முகாமில் பக்கத்துக் கட்டில்காரர். பிறகு நான் சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லச் சமையலறைக்கும், அவர் ஃப்ரிபூர்க்கில் ஒரு சலவைக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைகளில் சந்திப்போம்.

அவருக்குப் பழைய சாமான் விஷயம் தெரியும். நான், முதல் தட்டத்தைக் குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்து, அதிலிருந்த பெண்ணின் முகத்தையே அழித்தவன்.

இந்தச் சாமான்கள் சுவிசுக்கு வந்த கதையையும் அவர்தான் சொன்னார். நூறு வருடத்துக்கு முன் பிழைக்க வழியில்லாமல் அமெரிக்கா போன இந்த ஊர்க்காரர்கள், அங்கே கடை வைத்ததும் தங்கள் பெயர் அச்சடித்த தட்டமொன்றை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் ஆரோ ஒருவரின் காருக்குப் பக்கத்தில் நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பியதுபோலத்தான் என்று சிரிப்பார்.

அப்படிப் போய் பீர் வடித்த ஒருவனின் தகரம் அண்ணை வீட்டுக் கூடத்தில் தொங்கியது. பெரிய மீசையோடு தனியாக நிற்பான். அதே கடையின் தட்டத்தில் அவன் மனைவி இருக்கிறாள் என்று ஒரு வியாபாரி சொல்லிவிட்டார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஊரிலிருந்து வந்துசேரும்வரை ஏழு வருடம் தனியாகக் கிடந்தவர் அண்ணை. ஒப்பந்தத்தை மீறி என்னிடம் அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

“இவன் தனிய நிக்கிறான், பாவம். அந்தத் தட்டம் கிடைச்சால் மட்டும் எனக்குத் தா தம்பி.”

ஓம் என்றேன்.

அது எனக்கே கிடைத்தது. சோலோதுர்னில் ஒரு பழைய சாமான் கடையில், கேக் தட்டுகளுக்கு அடியில், சிவப்புச் சட்டையோடு அவள். அன்றே அண்ணைக்குப் போன் பண்ணியிருக்கலாம். ஒரு கிழமை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். கிழமை மாதமானது. தட்டங்கள் என் பங்குதானே என்று எனக்கு நானே வக்கீலாக நின்றேன். உண்மையில், அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கவேண்டும் என்ற சின்னப்புத்தி. சித்திரை வருடப் பிறப்புக்கு அண்ணையும் அக்காவும் என் வீட்டுக்கு வந்தபோது அதை அலுமாரிக்குப் பின்னால் செருகினேன்.

ஆவணியில் அண்ணைக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். இப்போது கொடுத்தால், சாகப்போகிறவர் என்று இரங்கிக் கொடுத்ததாக நினைப்பார். எப்போது கிடைத்தது என்று கேட்டால் பொய் சொல்லவேண்டும். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துணியில் சுற்றி ரயில் நிலையம்வரை கொண்டுபோனேன். திரும்பிவந்து வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த ரயிலில் வெறுங்கையோடு போகக் கூசி, வழியில் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அடுத்த முறை பார்ப்போம் என்று தள்ளித் தள்ளியே நாள் போயிற்று. தை பிறக்கும் முன் அவர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் தட்டத்தை அக்காவிடம் கொண்டுபோனேன். இன்றைக்குத்தான் கிடைத்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. அக்கா அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“இவர் சித்திரையிலயே கண்டவர், தம்பி. உங்கட அலுமாரிக்குப் பின்னால.”

ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டால் உங்களுக்கு வெக்கமாப் போயிடும் எண்டவர். தானாக் கொண்டு வருவான், நீ ஒண்டும் கதைக்காதை எண்டவர். ஆஸ்பத்திரியில நீங்கள் கதவைத் திறந்தால் முதல் உங்கட கையைத்தான் பாப்பார்.”

நான் நின்றபடியே அழுதேன். அக்கா தட்டத்தை வாங்கவில்லை. தேத்தண்ணி போடவா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.