ஜெனரல் ஏறிய மோட்டார்

குனோங் ராபாட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் ஈரான் நாட்டுக் குதிரைப்படை ஜெனரல் ஒருவர் இருந்தார் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. ஓய்வு பெற்றவர்தான். காம்பாரில் பாடம் நடத்திய மகளோடு தங்கியிருந்தார். மாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அரைகுறை மலாயில் தன் கதையை எனக்குச் சொல்வார். மீசை முளைக்குமுன் படையில் சேர்ந்தது, பனிமலையில் காவல் காத்தது, பதவி ஏற ஏறக் குதிரைகள் குறைந்து டாங்கிகள் வந்தது, ஆட்சி மாறியதும் ஒரு குதிரையில் எல்லை வரை தப்பி ஓடியது எல்லாம் வரும். குதிரை சாய்கிற பக்கம் நாமும் சாய வேண்டும் என்பார். நான் வேலிமேல் உட்கார்ந்து சாய்ந்து பார்ப்பேன்.

அப்பேர்ப்பட்டவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உதறல்.

ஒருநாள் காலையில் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப்போன மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். உடனே ஆபரேஷனாம், அப்பாவைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று மகள் அழுகிறாளாம். டாக்சி எதுவும் கிடைக்கவில்லை. என் மாமா தன் பழைய மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜெனரல் பின்வாங்கினார்.

“நீ நடுவுல உக்காரு லா. அப்பத்தான் பெரியவரு ஏறுவாரு,” என்றார் மாமா என்னிடம்.

ஏறினார். ஆனால் அணிவகுப்பில் நிற்பதுபோல விறைப்பாக. வளைவில் வண்டி ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கம் போனார்.

“ஐயோ, சாயச் சொல்லு லா! மூணு பேரும் லோங்காங் சாக்கடைல விழப்போறோம்!”

“ஜெனரல், இதுவும் குதிரைதான்!” என்று மலாயில் கத்தினேன்.

அவ்வளவுதான். அடுத்த வளைவில் எங்களோடு அழகாகச் சாய்ந்தார். அதற்கடுத்து நாக்கைச் சொடுக்கி மாமாவையே விரட்டத் தொடங்கினார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவர் உடனே ஓடவில்லை. மோட்டாரின் முன்விளக்கைத் தட்டிக்கொடுத்து, தன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டுத்தான் ஓடினார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்ட பிறகே உள்ளே போனாள். பேத்தி பிறந்தாள். இப்போது அவள் அதே மாமாவிடம் மோட்டார் பழகுகிறாள்.

எல்லையில் விட்டுவந்த அந்தக் குதிரையின் கழுத்தை ஒருமுறை தட்டிக்கொடுக்கக்கூட அவருக்கு நேரமிருக்கவில்லை என்பதை, அவர் மறைந்த பிறகு மகள் சொல்லித்தான் அறிந்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடிவந்து, “அம்மா, ஜெனரல் தாத்தாவுக்குக் கண்ணு தெரியல. நெசமாவே குதிரைன்னு நெனச்சிட்டாரு!” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன்.