தாளமா, டாலாமா

மலேசியா உருவாகி ஓராண்டு கடந்திருந்தது. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டின் முன்கூடத்தில் ஒரு ராக் இசைக்குழுவைப் பதிவு செய்தோம். ‘செய்தோம்’ என்று எழுதிக்கொள்கிறேனே தவிர, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவதும் சுருள் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதும்தான் என் வேலை. டேப் ரெக்கார்டர் அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கியது. மறுநாள் காலை திருப்பித் தரவேண்டும். ஒரே சுருள், ஒரே மைக்.

குழுவில் நான்கு பேர். லீட் கிட்டார் வாசித்தவர் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். குழு அவருடையது. பாடியவர் அவருடைய தம்பி, பேஸ் கிட்டார் மைத்துனர். நான்காமவர் டிரம்ஸ்காரர், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த செட்டி கம்போங் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். மலாக்கா செட்டிகளுக்குப் பெயரும் கோயிலும் நம்முடையவைதான், பேச்சு மட்டும் மலாய். அவரிடம் மற்றவர்களும் மலாயில்தான் பேசுவார்கள். லீட் கிட்டார்காரர் மட்டும் கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார்.

புதிய குழுக்கள் தமிழ்ப் பாட்டுகளைப் பதிவு செய்து அனுப்பலாம் என்று வானொலி அறிவித்திருந்தது. இவர்களிடம் சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. டிரம்ஸ் சத்தம்தான் இடித்தது. ஒரு வாரம் முன்பே லீட் கிட்டார்காரர் என்னிடம் சொல்லியிருந்தார்: “இந்த டேப்புல அவரு சத்தம் அடங்கலன்னா, கிளேபாங்ல ஒரு ஆளு இருக்காருண்ணே, அவரக் கூப்பிட்டுக்குவேன்.” இது டிரம்ஸ்காரருக்கும் தெரியும் என்பதை, பதிவு நாளன்று காலை அவர் முதல் ஆளாக வந்து, குச்சிகளின் முனையில் துணி சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். மூன்று ஆண்டுகளாக அவருக்கு அந்தக் குழு இல்லாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது.

மைக்கை ஒரு துடைப்பக் கட்டையில் கட்டி நாற்காலியில் நிறுத்தினோம். பாடுபவர் அதற்கு ஒரு சாண் தூரத்தில். இரண்டு கிட்டார்களுக்கும் சேர்த்து ஒரே ஒலிபெருக்கி. பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துச் செய்தது. அதைத் துணி அலமாரிக்குள் வைத்து, கதவை அரைவாசி சாத்தினோம். சுவரில் இரண்டு மெத்தைகளைச் சாய்த்தோம். டிரம்ஸ் கூடத்தின் மூலையில்.

ஒவ்வொரு முறையும் பாட்டு தொடங்குமுன் நான் மைக்கின் முன் குனிந்து, தேதி, கிழமை, நேரம், எத்தனையாவது முறை என்பதைச் சொல்லிப் பதிவு செய்தேன். இரண்டாம் முறையே பாடகர் பொறுமை இழந்துவிட்டார்.

“பஞ்சாங்கம் வாசிச்சாச்சாண்ணே? ராகு காலம் வர்றதுக்குள்ள பாடிடறேன்.”

முதல் முறை எதிர்வீட்டுச் சேவல் கெடுத்தது. இரண்டாம் முறை ரொட்டிக்காரரின் மணி. மூன்றாவதும் நான்காவதும் வெளிச்சத்தம் இல்லாமல் முடிந்தன. ஓடவிட்டுக் கேட்டால் டிரம்ஸ் மட்டும் இருந்தது. பாட்டு எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ பாடுவதுபோல. அது மட்டுமில்லை, போகப்போக வேகமும் கூடியது. அவர் அடிக்கிற சத்தத்தில் அவருக்கே பாட்டு கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. லீட் கிட்டார்காரர் யாரையும் பார்க்காமல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வானம் இருண்டுவந்தது. தகரக் கூரையில் மழை விழுந்துவிட்டால் அன்றைக்குப் பதிவு இல்லை.

ஐந்தாம் முறை பாதிப் பாட்டில் டிரம்ஸ் மறுபடியும் ஓட்டம் பிடித்தது. லீட் கிட்டார்காரர் வாசித்துக்கொண்டே, டிரம்ஸ் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“தாளம்! தாளம்!”

டிரம்ஸ்காரர் நிறுத்தினார். குச்சிகளை இடுப்பில் செருகினார். பெரிய டிரம்மை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். திரும்பி வந்து சின்ன டிரம்மையும் சிம்பலையும் எடுத்துப் போனார். கோபித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் சமையலறையில், அரிசிப் பீப்பாய்க்குப் பக்கத்தில் டிரம்ஸை வைத்துக்கொண்டிருந்தார்.

அங்கே என் மனைவி தீபாவளி முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது, கையில் முறுக்கு உழக்குடன் டிரம்ஸையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். எண்ணெய் கொதிக்கிற சத்தமும் மைக்கில் விழுமே என்றேன்.

“ஒரு பாட்டுதான். அதுக்கு மேல எண்ணெய் ஆறுனா முறுக்கு எண்ணெய குடிச்சிரும். அப்புறம் வானொலிக்காரங்களயே வந்து தின்னச் சொல்லுங்க.”

கடைசி முறுக்கை அரித்தெடுத்தாள். எண்ணெய் அடங்கியது. நான் கூடத்துக்கு ஓடினேன். தேதி சொல்ல வாயெடுத்தேன், பாடகர் கையெடுத்துக் கும்பிட்டார். ‘ஆறு’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓடவிட்டோம். குரல் முன்னால் நின்றது, கிட்டார் அதற்குப் பக்கத்தில், டிரம்ஸ் இரண்டு சுவருக்கு அப்பாலிருந்து சீராக. வேகம் மாறவே இல்லை. சமையலறையில் இருந்தவருக்குப் பாட்டு கேட்டிருக்கிறது. முடிவில் என் மனைவி கரண்டியைக் கீழே வைக்கும் சத்தமும் இருந்தது. அதைச் சிம்பல் என்று வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தோம்.

டிரம்ஸ்காரர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். லீட் கிட்டார்காரர் அவரிடம் ஏன் உள்ளே போனீர்கள் என்று மலாயில் கேட்டார். நீங்கள்தானே ‘டாலாம்’ என்று கத்தினீர்கள் என்றார் அவர். மலாயில் டாலாம் என்றால் உள்ளே.

பாடகர் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “தட்டுக்கும் மலாய்ல தாலாம்னுதான் பேரு. நல்லவேள, முறுக்குத் தட்டத் தூக்கிட்டு வராம விட்டாரு.”

லீட் கிட்டார்காரர் சிரிக்கவில்லை. சுருளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில், “கிளேபாங் ஆளுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடறேண்ணே” என்றார். சற்று நேரத்தில் மழை வந்தது. அன்றைய நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதினேன்: ‘தாளம் என்றதை டாலாம் என்று கேட்டு டிரம்ஸ் சமையலறைக்குப் போனது. ஆறாம் முறை சரி.’

நேரில் வந்து பாடிக்காட்டச் சொல்லி வானொலியிலிருந்து கடிதம் வந்தது. நால்வரும் போனார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் செட்டி கம்போங் கோயிலுக்குப் போயிருந்தேன். பூசை நடந்துகொண்டிருந்தது. சந்நிதிக்குப் பக்கத்தில் நின்று, சிறிய பித்தளை ஜால்ராவைத் தட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் டிரம்ஸ்காரர். சீராக, அடக்கமாக, பாடுபவர் குரலைத் தாண்டாமல் தட்டினார். பூசை முடிந்ததும் பக்கத்தில் போய், கையில் இருப்பதைக் காட்டி, இதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் என்று மலாயில் கேட்டேன்.

“தாளம்” என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு அவர் ஜால்ராவைத் துணியில் சுற்றத் தொடங்கினார். சின்ன வயதிலிருந்தே இதைத் தட்டுகிறீர்களா என்று கேட்டேன். தலையசைத்தார்.

இதை லீட் கிட்டார்காரரிடம் நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பழைய நாட்குறிப்பை எடுத்தேன். எழுதியதை அடிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ‘கேட்டு’ என்ற சொல்லுக்கு மேலே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அது இன்னும் இருக்கிறது.