ஆஸ்பத்திரி வாசலில் வந்த பயம்

இரண்டாவது பிரசவத்தில் என் மனைவி பிழைத்ததே பெரிது. இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். கணபதி பகுதியில் நான் வேலை செய்யும் பட்டறையிலோ, "அப்புறம் பேருக்குத்தானுங்க ஆம்பளை" என்று சிரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

அந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. "ஏனுங்க, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா புள்ளைங்களப் பாத்துக்குவீங்களா?" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, பத்து நாள் கழித்து மாதவிலக்கு வந்துவிட்டது. மறுநாளே போய் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

சில மாதம் கழித்து பட்டறை ஃபிட்டர் ஒருவர் காதோரம், "எல்லாம் பழையபடிதானுங்களா?" என்றார்.

"பழையபடி எங்கீங்க? இப்பத்தான் பயமில்லாம இருக்கறோம்" என்றேன்.

கூச்ச சுபாவம்தான் எனக்கு. ஆனாலும் இப்போது தயங்குகிறவர்களை நானே டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். இதுவரை ஒருவரும் என்னைப்போல் வாசலோடு திரும்பி ஓடவில்லை.