ராஜாத்தி கண் திறக்கும்வரை

இன்று காலை ஊட்டிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்டம் உங்களுக்கு ரசத்தை நினைவூட்டும். எனக்கு ராஜாத்தியைத்தான்.

குன்னூருக்கு அப்பால் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருஷம். கோயம்புத்தூர்க்காரி, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பூசணிக்காய் மாதிரி உருண்டு திரிவேன். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். ஃபேக்டரியை மூடியிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஜீப்புக்கு டிரைவரும் இல்லை.

கொழுந்து பறிக்கும் ராஜாத்திக்குத் தலைப்பிரசவம். மத்தியானம் வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பு திடீரென்று இறங்கத் தொடங்கியது. உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டும் என்றார் எங்கள் லேடி டாக்டர். வாரம் ஒருமுறை வரும் மயக்க டாக்டர் அன்று அங்கே இருந்தது அவள் அதிர்ஷ்டம். மரத்துப்போக முதுகில் ஊசி போட அவகாசமில்லை. தயோபென்டோன் என்ற மஞ்சள் பொடியைக் கரைத்து நரம்பில் ஏற்றினார். அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், வாயெல்லாம் பூண்டு வாசமடிக்குதுங்க..."

சொல்லி முடிப்பதற்குள் கண் செருகிவிட்டது.

பெண் குழந்தை. அழவில்லை, ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தது. "அம்மாவுக்குப் போட்ட மருந்து இதுக்கும் கொஞ்சம் போயிருக்கும்மா, பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே மயக்க டாக்டர் அதன் முகத்தில் வைத்த காற்றுப்பையை அழுத்தி மூச்சு கொடுத்தார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு முனகல் கேட்டது.

தையல் போட்ட பிறகுதான் ஆபத்து வந்தது. மயக்கத்தில் தளர்ந்த கருப்பை சுருங்கவே இல்லை, ரத்தம் நிற்கவில்லை. ஊசிகள் போட்டுவிட்டு, லேடி டாக்டர் என் கையை எடுத்து அவள் வயிற்றில் வைத்தார்.

"கல்லு மாதிரி இறுகற வரைக்கும் தேய்ச்சுட்டே இரு. கையை எடுக்காதே."

ரத்தம் குன்னூரில்தான் கிடைக்கும். ராஜாத்தியின் புருஷன் முருகேசன் கொழுந்து லாரி ஓட்டுகிறவர். சும்மா நின்ற லாரியைக் கிளப்பினார்.

"மஞ்சு எறங்கிருச்சுங்க, ரோடே தெரியலீங்க. ஆனா வந்துருவேனுங்க."

தேய்த்தேன். "ராஜாத்தி, ராஜாத்தி" என்று கூப்பிட்டுக்கொண்டே தேய்த்தேன். உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. அது மருந்தின் தூக்கமா, உயிர் நழுவுகிற மயக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஜன்னலில் காற்று உரசினாலும் லாரி என்று நினைத்தேன். ஒரு தடவை கையெடுத்து வியர்வை துடைத்ததற்கு, நானே அவளைக் கொன்றுவிட்டதாக நினைத்து இரண்டு கையாலும் தேய்த்தேன்.

முருகேசன் ரத்தத்தோடு வந்தார். இரண்டாவது பாட்டில் ஏறும்போது உள்ளங்கைக்கடியில் ஏதோ இறுகியது. நான் நம்பவில்லை, டாக்டர் தொட்டுப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கையை எடுத்தேன்.

பொழுது சாயும்போது ராஜாத்தி கண் திறந்தாள்.

"எப்பங்க சிஸ்டர் ஆபரேசன் பண்ணுவீங்க?"

முருகேசன் சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்தான் குழந்தையை அவள் பக்கத்தில் வைத்தேன். அடுத்த இரண்டு நாள் என் விரல்களால் சோறு பிசைய முடியவில்லை.

மறு வருஷம் எஸ்டேட்டையே பூட்டிவிட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். அதன்பிறகு தகவல் இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூரை இல்லை, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளில் ஆள் இல்லை. இடுப்பளவில் வெட்டிக் கவாத்து செய்து வைத்திருந்த தேயிலைச் செடிகள், பறிக்க ஆளில்லாமல் மரங்களாக வளர்ந்து நிற்கின்றன.